பின் சீட்டில் ஆள் இல்லாத விமானம்

1. கண்ணாடி மூடவில்லை

அறுநூறு விமானங்கள் பெயிண்ட் காய்ந்து வரிசையாக நின்ற அன்று காலையில்தான், அவற்றில் ஒன்றின் கண்ணாடியும் மூடாது என்பது எனக்குத் தெரிந்தது.

தாராவியில் நைன்ட்டி ஃபீட் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில் எங்கள் பட்டறை. ஜிங்க்கை உருக்கி மோல்டில் அடித்து, கோப்பை, ஷீல்டு, சாவிக்கொத்து, சாமி பொம்மை, கட்சிச் சின்னம் என்று எந்த ஆர்டர் வந்தாலும் செய்து கொடுப்போம். முதலாளி ஷாகுல் பாய் கடையநல்லூர்க்காரர். நான் அங்கே இருபத்தாறு வருடம் இருந்தேன். அரம் பிடித்து ஓரம் தேய்க்கிறவளாகச் சேர்ந்து, கடைசிப் பதினான்கு வருடம் க்யூசி பார்த்தேன். க்யூசி என்றால் பெரிய படிப்பு ஒன்றும் இல்லை. ஒரு மேஜை, ஒரு பூதக்கண்ணாடி, ஒரு ரப்பர் ஸ்டாம்ப். நல்ல பீஸ் என்றால் பெட்டியில் ஸ்டாம்ப் அடிப்பேன். கெட்ட பீஸ் என்றால் சிவப்பு ட்ரேயில் போடுவேன். ட்ரேயில் விழுந்தது மறுபடி உலைக்குப் போகும். அது நிறைய நிறைய பாயின் முகம் சுருங்கும்.

இந்த மாதிரி வேலைக்குப் புதிதாகப் போகிற பெண்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மேனேஜர் வேலைக்குப் போகிறவர்களும் படிக்கலாம், கோபித்துக்கொள்ளாமல் இருந்தால்.

ஆர்டர் கொடுத்தது செம்பூரில் ஆபீஸ் வைத்திருந்த ஒரு கிஃப்ட் கம்பெனி. இரண்டாம் உலகப் போரில் பர்மா பக்கம் பறந்த, குண்டு போடுகிற விமானத்தின் மாடல். கையில் எடுத்தால் உள்ளங்கையைவிடச் சற்று நீளம். நிஜ விமானத்தில் இரண்டு பேர் போவார்களாம். முன் சீட்டில் பைலட். பின் சீட்டில் துப்பாக்கிக்காரர். இவர் பைலட்டுக்கு முதுகைக் காட்டி, விமானத்தின் வாலைப் பார்த்து உட்கார வேண்டும். இருவர் தலைக்கும் மேலே நீளமாக ஒரு மூடி. பிளாஸ்டிக்தான், ஆனால் நாங்கள் கண்ணாடி என்றே சொல்வோம். பெட்டியின் மேல் தங்க எழுத்தில் 'லிமிட்டெட் எடிஷன்'. உள்ளே, அந்த இருவரின் வீரத்தைச் சொல்லும் சிறு புத்தகம் ஒன்று வைக்க வேண்டும். வாங்கிச் சேர்த்து அலமாரியில் வைப்பதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது என்றார்கள்.

பின் சீட்டுக்காரரின் தலை கண்ணாடியில் இடித்தது. ஒரு ஐந்து ரூபாய்க் காசின் கனம்தான் வித்தியாசம். அதற்கு மேல் எவ்வளவு அமுக்கினாலும் மூடவில்லை.

கம்பெனியிலிருந்து வெங்கட் சார் வந்தார். மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர், பிராண்ட் மேனேஜர். தங்கமான மனிதர். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். பிரச்சினை என்ற சொல்லே அவர் வாயில் வராது. எதைக் காட்டினாலும் "இது ஒரு ஆப்பர்ச்சூனிட்டி" என்பார்.

"மோல்டு மாத்த எத்தனை நாள் ஆகும் பாய்?" என்று கேட்டார்.

"மூணு வாரம் ஆவும் சார்."

"முதல் லாட் கஸ்டமருக்கு அடுத்த வாரமே போயாகணும். லாஞ்ச்சுக்கு ஹால் புக் பண்ணியாச்சு. சீஃப் கெஸ்ட்டும் டேட் குடுத்துட்டார்." விமானத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தப் பின்னாடி ஆளை எடுத்துட்டா மூடுமோ?"

"மூடும் சார்," என்றேன். "ஆனா பெட்டியில ரெண்டு பேருன்னு போட்டிருக்கு. உள்ள ஒத்த ஆளுதான் இருப்பாரு."

"பெட்டி அப்படியே இருக்கட்டும் மேடம். கிளம்பறச்சே ரெண்டு பேர்தானே? வழியில என்ன ஆச்சுங்கறதை புக்லெட்ல பார்த்துக்கலாம்."

அறுநூறு துப்பாக்கிக்காரர்களையும் கழற்றி ஒரு காலி பெயிண்ட் டப்பாவில் போட்டோம். கண்ணாடி அழகாக மூடியது.

2. ரிஜெக்ட் இல்லாத மாதம்

நான்கு நாளில் புத்தகம் அச்சாகி வந்தது. வெங்கட் சாரே பட்டறையில் நின்று எங்களுக்குப் படித்துக் காட்டினார். எதிரியின் குண்டு இன்ஜினில் பட்டுவிட்டது. விமானம் தாழ்ந்துகொண்டே போகிறது. எதிரே மலை. பாரம் குறைந்தால்தான் தாண்ட முடியும். பின் சீட்டு வீரர் பைலட்டின் தோளைத் தட்டிவிட்டு, ஒரு சல்யூட் வைத்துவிட்டு, கதவைத் திறந்து வானத்தில் குதித்துவிடுகிறார். விமானம் மலையைத் தாண்டிவிடுகிறது. பின் சீட்டு மட்டும் காலியாக இருக்கிறது.

படித்து முடித்ததும் வெங்கட் சாரே கர்ச்சீப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எழுதியவரும் அவர்தான்.

பாய்க்கு ஒரு சந்தேகம். "சார், அந்தாளு எவ்வளவு கனம் இருந்திருப்பாரு?"

"மலையைத் தாண்டற அளவுக்கு இருந்திருப்பார் பாய்," என்றார் வெங்கட் சார்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மறுநாள் நூற்றுச் சொச்சம் பீஸில் இடது இறக்கையில் கறுப்பு பெயிண்ட் வழிந்திருந்தது. நான் சிவப்பு ட்ரேயில் அடுக்கியிருந்தேன். வெங்கட் சார் ஒன்றை எடுத்துப் பார்த்தார். "இது வழிசல் இல்லை மேடம். குண்டு பட்ட இன்ஜின்லேர்ந்து ஆயில் லீக் ஆறது." ட்ரே காலியானது. அடுத்த நாள் வால் ஸ்டிக்கர் கோணலாக ஒட்டியிருந்தது. "போர்முனையில ஸ்கேல் வெச்சா ஒட்டுவா?" அதுவும் பாஸ். உடம்பில் கீறல் விழுந்த பீஸெல்லாம் எதிரியின் தோட்டா உரசிய பீஸ் ஆயின. அவற்றுக்குத் தனியாகக் கூடுதல் விலை வைக்கலாமா என்றுகூட யோசித்தார்.

என் க்யூசி ஷீட்டில் 'குறை' என்று ஒரு கட்டம் உண்டு. அதை மாற்றி 'வரலாற்று விவரம்' என்று அச்சடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

நான் இதையெல்லாம் எதிர்த்தேன் என்று எழுத ஆசைதான். ஆனால் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒரு பெட்டி முழுக்க வலது சக்கரம் சுற்றாத பீஸாக வந்தது. சக்கரத்தின் அச்சில் பெயிண்ட் இறுகிப் போயிருந்தது. எனக்கு முதல் பார்வையிலேயே தெரிந்துவிட்டது. வெங்கட் சார் அதைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறார், ஒன்றும் வரவில்லை. நான்தான் வாயைத் திறந்தேன்: "ஒத்தச் சக்கரத்துலயே இறக்கிட்டாருன்னு வச்சுக்கிடலாமா சார்?"

"பியூட்டிஃபுல்!" என்று கையைத் தட்டினார். இரண்டாம் பதிப்புப் புத்தகத்தில் அதுவும் ஏறியது. அன்றைக்கு முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை. இருபத்தாறு வருடத்தில் என் பேச்சு அச்சில் வந்தது அதுதான் முதல் தடவை.

அந்த மாதம் ஒரு பீஸ்கூட ரிஜெக்ட் இல்லை. ஷாகுல் பாய் உலைக்குப் பக்கத்தில் நின்று பெருமூச்சு விட்டார். "முப்பது வருசமா வீரத்தையெல்லாம் உருக்கித் தள்ளிட்டேனே தங்கச்சி. முன்னாலேயே ஒருத்தரும் சொல்லலியே!"

3. அப்பாவைக் காணோம்

முதல் லாட் வெளியே போய்ப் பத்து நாள் இருக்கும். சாப்பாட்டு நேரம் முடிந்து வேலைக்கு உட்கார்ந்தபோது, எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் எங்கள் இரும்பு ஏணியில் மெதுவாக ஏறி வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பையில் இரண்டு பேனா. கையில் எங்கள் பெட்டி.

"க்யூசி யாரும்மா?"

"நாந்தான் சார்."

பெட்டியை மேஜைமேல் வைத்தார். "எங்க அப்பாவைக் காணோம்."

எனக்குப் புரியவில்லை. அவர் பெயர் ஜெயசிங். அணுசக்தி நகரில் டெக்னீஷியனாக இருந்து ரிட்டையர் ஆனவர், திலக் நகரில் வீடு. பிறந்தநாளுக்கு அவருடைய மகள் இதை வாங்கிக் கொடுத்திருக்கிறாள், தாத்தா போன விமானம் இதுதானே என்று. செம்பூர் ஆபீசில் போய்க் கேட்டதற்கு, அடுத்த தடவை வாங்கும்போது தள்ளுபடி தருகிறோம் என்று ஒரு கூப்பன் கொடுத்தார்களாம். பெட்டியில் இருந்த என் ஸ்டாம்பில் பட்டறை விலாசத்தைப் பார்த்து இங்கே வந்துவிட்டார்.

"அப்பா இந்த பிளேன்லதான் போனாங்க. பின் சீட்டு," என்று காலி இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். "குதிச்சு செத்துட்டாருன்னு எழுதியிருக்கீங்க. அப்பா குதிக்கலை. திரும்பி வந்தாங்க. ரயில்வேயில ஸ்டோர் கிளார்க்கா இருந்தாங்க. கல்யாணம் பண்ணாங்க. அப்புறந்தான் நான் பிறந்தேன். நீங்க எழுதினபடி பாத்தா நான் பிறக்கவே இல்லை."

"இது பொதுவா எழுதினது சார். ஒருத்தரை மட்டும் சொல்லல," என்றேன். வெங்கட் சார் சொல்லிக் கொடுத்த பதில் அது.

அவர் கத்தவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. "அந்த சீட்டுல ஒரு ஆளை வெச்சுக் குடுங்க, போதும்," என்றார்.

பெயிண்ட் டப்பாவைத் திறந்து ஒரு ஆளை எடுத்துக் கொடுத்தேன். நெஞ்சை நிமிர்த்தி, துப்பாக்கியை உயர்த்திப் பிடித்து, சிக்னலில் நிற்கும் சிலைபோல உட்கார்ந்திருந்தான். ஜெயசிங் சார் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். அன்று முதல் தடவையாகச் சிரித்தார்.

"இப்படியா உக்காந்தாங்க? இப்படி உக்காந்தா கண்ணாடி எப்படிம்மா மூடும்?"

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "குண்டு போடுறதுக்கு பிளேன் மூக்கைக் கீழ போட்டு விழுமாம். பைலட்டுக்குத் தரை தெரியும். அப்பா பின்னால பாத்து உக்காந்திருக்காங்க, அவங்களுக்கு வானம்தான் தெரியும். மல்லாக்கப் படுத்த மாதிரி. தரை எவ்வளவு கிட்ட வந்துருச்சுன்னு தெரியாது. குண்டு போடத்தான் விழுதா, இல்ல பைலட்டு செத்துப் போயி பிளேன் விழுதான்னுகூடத் தெரியாது. துப்பாக்கியை மடக்கி வெச்சிட்டு, முட்டியைச் சேத்து, கழுத்தை ஒடுக்கிக்கிட்டு எண்ணுவாங்களாம். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு. பிளேன் நிமிர்ந்தா எண்ணுறதை நிறுத்துவாங்க."

"எத்தனை வரைக்கும் எண்ணுவாங்க சார்?"

"அதை மட்டும் அப்பா சொன்னதே இல்லை."

எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. முதலில் செய்த மோல்டில் தப்பே இல்லை. முதல் சாம்பிளில் அந்த ஆள் சற்றுக் குனிந்துதான் இருந்தான். "ஹீரோ மாதிரி தெரியலையே, நெஞ்சை நிமிர்த்துங்கோ" என்று சொல்லித் திருத்த வைத்தது வெங்கட் சார். நாங்கள் வைத்த வீரம்தான் கண்ணாடியில் இடித்தது.

அந்த ஆளை வைஸ் இடுக்கியில் இறுக்கினேன். உயர்த்திய துப்பாக்கியை வெட்டி மடியில் ஒட்டினேன். இடுப்பில் ரம்பம் வைத்து அறுத்து, முன்னால் சாய்த்து, மறுபடி ஒட்டினேன். தோளை ஊசி அரத்தால் ஒடுக்கினேன். இரண்டு மணி நேரம் ஆனது. ஜெயசிங் சார் ஸ்டூலில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் குனியணும்... ஆங், போதும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கண்ணாடியை வைத்தேன். 'டிக்' என்று உட்கார்ந்தது.

அவர் ஜன்னலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தார். "மூஞ்சி தெரியலை," என்றார். பெட்டிக்குள் வைத்துக்கொண்டே, "பரவாயில்லை. அப்ப யாரு பாத்திருக்கப் போறா," என்றார்.

4. இரண்டு நிமிட மௌனம்

இதை பாய் வெங்கட் சாருக்குப் போனில் சொன்னார். அவர் பயந்துவிடுவார் என்று நாங்கள் நினைத்தோம். அவரோ துள்ளிக் குதித்தார். நிஜமான குடும்பம்! லாஞ்ச் மேடைக்குக் கூப்பிடுங்கள்!

ஜெயசிங் சார் ஒரு நிபந்தனையின் பேரில் ஒத்துக்கொண்டார்: புத்தகத்தைத் திருத்த வேண்டும். "கண்டிப்பா சார்," என்றார் வெங்கட் சார். "உங்கப்பா உயிரோட வந்த மாதிரியே பண்ணிடறோம்."

செம்பூரில் ஏ.சி. ஹால், ஞாயிற்றுக்கிழமை காலை. தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்கிற கம்பெனியின் டைரக்டர் ஒருவர் சீஃப் கெஸ்ட். விமானத்துக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. நானும் பாயும் மூன்றாவது வரிசை. நாற்காலியில் வைத்திருந்த புத்தகத்தைப் புரட்டினேன். பழைய புத்தகமேதான். மலை இருந்தது, சல்யூட் இருந்தது, ஒற்றைச் சக்கரமும் இருந்தது.

தொகுப்பாளர் பெண் வயலின் இசையோடு முழுக்கதையையும் படித்தாள். படித்து முடித்ததும் சீஃப் கெஸ்ட் எழுந்து, அந்த மாவீரனுக்காக இரண்டு நிமிட மௌனம் என்றார். ஹாலே எழுந்து நின்றது. ஜெயசிங் சாரும் எழுந்தார். தன் அப்பாவுக்காக நிற்கிறார்கள், அவர் மட்டும் உட்கார்ந்திருக்க முடியுமா?

மௌனம் முடிந்ததும் 'தியாகியின் மகன்' என்று அவரை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

"எல்லாருக்கும் நன்றி," என்று தொடங்கினார். "எங்க அப்பா எழுபத்தெட்டு வயசுல, திலக் நகர்ல, வீட்டுக் கட்டில்ல சுகர் முத்தி இறந்தாங்க. பிளேன்ல இருந்து குதிக்கலை. நாலாவது மாடி பால்கனியில நின்னாலே அப்பாவுக்குத் தலை சுத்தும். அவங்க பின் சீட்டுல உக்காந்திருந்தாங்க. பயந்தாங்க. அதை எங்ககிட்ட மறைக்கலை. அவ்வளவுதான்."

யாருக்கும் கை தட்டுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. முன்வரிசையில் மாடலை மடியில் வைத்திருந்த ஒருவர் எழுந்தார். "அப்ப என் பீஸ்ல பின்னாடி ஆள் எங்கே?"

வெங்கட் சார் சிரித்த முகம் மாறாமல், "அந்த டெக்னிக்கல் டீடெயிலை எங்க க்யூசி மேடம் எக்ஸ்பிளெய்ன் பண்ணுவா," என்று கையை என் பக்கம் நீட்டினார். மைக் வந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக மைக்கைப் பிடிக்கிறேன். பக்கத்தில் பாய் என் முகத்தைப் பார்க்காமல், "தங்கச்சி, அடுத்த லாட்டு இருக்குலா..." என்று முணுமுணுத்தார். அடுத்த லாட் இல்லையென்றால் பட்டறையில் ஒன்பது பேருக்கு வேலை இல்லை என்பது எனக்கும் தெரியும். மேடையில் ஜெயசிங் சார் சால்வையோடு நின்றுகொண்டிருந்தார்.

"கண்ணாடி மூடல சார்," என்றேன். "அதான் ஆளை எடுத்துட்டோம். எல்லாரும் பெயிண்ட் டப்பாவுல இருக்காங்க. இறக்கையில இருக்கது ஆயில் இல்ல, பெயிண்ட் வழிஞ்சது. அந்த ஒத்தச் சக்கரக் கதை நான் சொன்னது. தப்புதான்."

முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு ஹால் முழுக்கச் சிரித்தது. சீஃப் கெஸ்ட் வெங்கட் சாரிடம் குனிந்து, "சால்வையைத் திருப்பி வாங்கணுமா?" என்று கேட்டது மைக்கில் எல்லோருக்கும் கேட்டது. ஜெயசிங் சார் சால்வையை இன்னும் நன்றாக இழுத்துப் போர்த்திக்கொண்டார். ஏ.சி. அதிகம்.

5. ஒரு வார்த்தை

பாய் என்னோடு மூன்று நாள் பேசவில்லை. டீ வந்தால் என் டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பார். எனக்குத் தூக்கம் இல்லை. மேடையில் உண்மை பேசிவிட்டால் மனசு லேசாகும் என்பார்கள். எனக்கு ஆகவில்லை. ஒன்பது பேரின் முகமும் கண்ணில் வந்தது.

நான்காம் நாள் வெங்கட் சார் ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். சேகரிக்கிறவர்களின் வாட்ஸ்அப் குரூப்பிலெல்லாம் எங்கள் விமானம்தான் பேச்சாம். தப்பாக வந்த பீஸ் என்றால் அவர்களுக்கு உயிராம். ஆள் இல்லாத விமானத்துக்கு 'எரர் எடிஷன்' என்று பெயர் வைத்து, வாங்கிய விலைக்கு மேல் கொடுக்கத் தயாராக இருக்கிறார்களாம். மௌனத்துக்கு எழுந்து நின்ற அதே ஆட்கள்தான். "சொன்னேனே மேடம், ஆப்பர்ச்சூனிட்டி!" என்றார். இப்போது ஆளோடு ஒரு 'ரிட்டர்ன் எடிஷன்' போட வேண்டும். நான் அரத்தால் தேய்த்த ஆளையே மாதிரியாக வைத்து மோல்டு செய்யச் சொன்னார். மூன்று வாரம் ஆகும் என்றார் பாய். பரவாயில்லை என்றார் வெங்கட் சார். முதலிலேயே அந்த மூன்று வாரத்தைக் கொடுத்திருக்கலாம். நான் சொல்லவில்லை. ஸ்வீட் வாயில் இருந்தது.

புத்தகத்துக்குப் பதில் இந்த முறை ஒரு சின்ன அட்டை, ஜெயசிங் சாரே எழுதிக் கொடுப்பது என்று முடிவாயிற்று. அவர் என்னிடம்தான் கொண்டுவந்து காட்டினார். மூன்றே வரி. 'இவர் பின்னால் பார்த்து உட்கார்ந்திருந்தார். பயந்தார். மறுநாளும் போய் உட்கார்ந்தார்.'

அச்சாகி வந்த அட்டையில் இரண்டு வரிதான் இருந்தது. நடுவில் இருந்த 'பயந்தார்' இல்லை.

பெட்டிகள் அடுக்கியாகிவிட்டது. டெம்போ கீழே நிற்கிறது. நான் ஸ்டாம்பை மூடி வைத்தேன்.

"என்ன மேடம்?" என்றார் வெங்கட் சார்.

"அட்டையில ஒரு வார்த்தை காணல சார்."

"பயந்தார்னு போட்டா யார் வாங்குவா? ஷெல்ஃப்ல வெச்சு தினம் பார்க்கற பொருள் மேடம்."

"உள்ள ஆளு குனிஞ்சு, கழுத்தை ஒடுக்கி உக்காந்திருக்காரு. பயப்படாதவன் எதுக்கு அப்படி உக்காரணும்? அட்டையும் ஆளும் ஒத்துப் போவல. ரிஜெக்ட்."

பாய் வந்தார். "பேப்பருக்கு ஏது தங்கச்சி க்யூசி? டெம்போக்காரன் கத்துதான்."

"பெட்டிக்குள்ள இருக்க எல்லாத்துக்கும் சேத்துத்தான பாய் ஸ்டாம்ப் அடிக்கேன்."

அவர் என்னைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். ஒரு விமானத்தை எடுத்து, கண்ணாடிக்குள் குனிந்திருந்த ஆளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வெங்கட் சாரிடம், "சார், வேற ஸ்டாம்ப்பு எங்கிட்ட இல்ல. எடுத்துட்டுப் போயி அச்சடிச்சுக் கொண்டாங்க," என்று சொல்லிவிட்டு, டெம்போக்காரரை அனுப்பக் கீழே இறங்கிப் போனார். இறங்கும்போது என்னைத் திட்டிக்கொண்டேதான் போனார். அது சந்து முனை வரைக்கும் கேட்டது.

இரண்டு நாளில் புது அட்டை வந்தது. மூன்று வரி இருந்தது. ஸ்டாம்ப் அடித்தேன். எல்லாம் விற்றுப் போயின.

போன வருடம் ஓய்வு பெற்றேன். புதிதாக க்யூசி மேஜையில் உட்காருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். ஒரு குறைக்கு யாராவது அழகான பெயர் வைத்துக் கொடுத்தால் முதலில் சிரிப்பு வரும். பத்தாவது நாள் நீங்களே ஒரு பெயர் வைத்துக் கொடுப்பீர்கள். எனக்கு அதற்கு அத்தனை நாள்கூட ஆகவில்லை. அதனால் பெயர் வைக்கும் முன்னாலேயே தூக்கி ட்ரேயில் போட்டுவிடுங்கள். யாரும் உங்களுக்குச் சால்வை போர்த்த மாட்டார்கள். வண்டி லேட் ஆனதற்குத் திட்டத்தான் செய்வார்கள். திட்டை வாங்கிக்கொண்டு அடுத்த பீஸைக் கையில் எடுங்கள்.